நாலாவது ஆமைக்கு வைத்த பொட்டு

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“எங்கூட ஒரு ஆமையும் வரும். உங்களுக்குப் பரவால்லீங்களா?”

போளூர் பக்கத்துக் குடும்பம் அது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். பெண் களம்பூரில் ஒரு ரைஸ் மில் ஆபீசில் வேலை பார்த்தாள். அவள் இப்படிக் கேட்டதும் அவளுடைய அம்மாவின் முகம் சுண்டிப்போனது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் ஆமை என்ற வார்த்தையை யாராவது வாயில் எடுப்பார்களா? கேசரித் தட்டோடு இருந்த அவளுடைய சித்தி அப்படியே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒண்ணு இன்னாம்மா, ஒம்போது இட்டுகினு வா. எங்கூட்ல ஏற்கெனவே மூணு கீது. நாலோட நாலா இருந்துட்டுப் போவுது. அத நல்லா வெச்சிக்கறது எம் பொறுப்பு” என்றேன்.

மூன்றோடு நாலு என்று சொல்லியிருக்க வேண்டும். கணக்கு தப்பானாலும் வாக்கு வாக்குதான். அத்தனை பேர் முன்னால் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து என் மகனைப் பார்த்தாள். அவனைப் பிடித்துப்போய்ச் சம்மதித்தாளா, என் பின்கட்டைப் பிடித்துப்போய்ச் சம்மதித்தாளா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

எங்கள் மூன்று ஆமைகளும் என் மகனின் திருவிளையாடல். காலேஜில் படிக்கும்போது வடை அளவில் மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஆப்பிரிக்க ஜாதியாம். நம்மூர் நட்சத்திர ஆமையை வளர்த்தால் வனத்துறை வாசலில் வந்து நிற்கும், இதற்குக் காகிதம் இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டினான். படித்து முடித்து, கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிற வேலையில் உட்கார்ந்தான். ஆமைகள் என் தலையில் விழுந்தன. ஐந்து வருடத்தில் வடை மூன்றும் அன்னக்கூடை அகலத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒன்றைத் தூக்கி வைத்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

எங்களுக்குத் தொழில் பட்டுக்குச் சாயம் போடுவது. தறிக்காரர்கள் வெள்ளைப் பட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேட்ட கலரில் முக்கிக் காயவைத்துத் திருப்பித் தருவோம். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு திமிர் உண்டு. “நாங்க போட்ட கலரு தண்ணில போச்சின்னா பொடவைய எம் மூஞ்சில விட்டெறி” என்பார். யாரும் எறிந்ததில்லை.

குட்டியாக இருந்தபோது மூன்றையும் அடையாளம் பிரிக்க முடியாமல் தவித்தேன். அப்போது சட்டியில் மிஞ்சியிருந்த சாயத்தை ஓட்டின் மேல் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். அன்றைக்கு மிஞ்சியது நீலம், பச்சை, கறுப்பு. அதுவே பெயராகிவிட்டது. வளர வளரப் பொட்டையும் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். நீலம்தான் மூத்தவர், அவர் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. பச்சை, துவைக்கிற கல்லுக்கு அடியில் படுக்கும். அந்த இடத்தில் வேறு யாராவது படுத்தால் முட்டும். கறுப்பு யார் வம்புக்கும் போகாது, யார் சொல்வதையும் கேட்காது, என் வீட்டுக்காரரைப் போல. காலையில் பின்கட்டுச் செடியிலிருந்து ஆளுக்கொரு செம்பருத்தி போடுவேன். புல்லைத் தின்ன ஊர்வலம் மாதிரி வருகிறவர்கள், செம்பருத்தி என்றால் ஓடியே வருவார்கள். ஆமை ஓடுமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் காலையில் வந்து பார்க்கலாம்.

வைகாசியில் கல்யாணம். மண்டபத்திலிருந்து பெண் வந்து இறங்கினாள். அவள் தம்பி பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையோடு இறங்கினான். கூடைக்குள்ளிருந்து ஒரு சுருக்கம் விழுந்த கழுத்து எட்டிப் பார்த்தது. எங்கள் மூன்றைவிடக் கொஞ்சம் சிறியது, வெளிர் நிறம். எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, “ஆமய போயி ஊட்டுக்குள்ள…” என்று ஆரம்பித்தார்.

“அஞ்சு வருசமா மூணு கீது. நாங்க இன்னாத்துல கொறஞ்சி பூட்டோம்?” என்றேன். அவர் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

எதற்கு வம்பு என்று ஆரத்தியை ஆமைக்கும் சேர்த்தே சுற்றினேன். “வலது கால எடுத்து வெச்சி வாம்மா” என்று மருமகளிடம் சொன்னேன், வந்தாள். கூடையை வாசலில் இறக்கி ஆமையிடமும் சொன்னேன். வலதில் இரண்டு இருக்கிறதே, முன்காலா பின்காலா என்று என் மகன் கேட்டான். கூட்டமே சிரித்தது. ஆமை எந்தக் காலையும் எடுக்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பின்கட்டில் முதல் தகராறு அன்றைக்கே வந்தது. மருமகள் எங்கள் ஆமைகளைப் பார்க்க ஆசையாகப் போய் நின்றாள். நீலம் நேராக வந்தது, குனிந்தது, அவள் கால் கட்டைவிரலைக் கடித்தது. மருதாணி இட்டு, நகத்துக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டு, மெட்டி மாட்டிய புது கால். ரத்தம் வரவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. “புது ஆளு இல்ல, பழகிடும்” என்றேன்.

அடுத்து அவள் சொன்னாள், “அத்தே, புதுசா வர்றத ஒரு மாசமாவது தனியா வெக்கணும். அதுக்கு எதுனா நோய் இருந்தா மத்ததுக்கு ஒட்டிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்.”

“வந்த அன்னிக்கே தனிக்குடித்தனமா?” என்றேன் நான்.

கேலிதான். ஆனால் சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டதால் அவளால் மேலே பேச முடியவில்லை. மாமியார் சொல்லே நிலைத்தது. அவள் சொன்னதுதான் சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புது ஆமைக்கு நோய் எதுவும் இல்லாதது என் அதிர்ஷ்டம், என் புத்திசாலித்தனம் அல்ல.

மறுநாள் காலை அதற்கும் பொட்டு வைக்கும் வேலையைச் செய்தேன். சட்டியில் பச்சையும் இருந்தது, ஊதாவும் இருந்தது. ஆனால் கல்யாணப் பெண்ணோடு வந்ததற்கு ஊதா வைப்பார்களா? கூரைப்புடவைக்கு என்று வைத்திருந்த குங்குமச் சிவப்பை எடுத்தேன். பழையவற்றுக்கு வைத்தது போலக் கடுகளவு வைக்க மனம் வரவில்லை. தாராளமாக, உள்ளங்கை அகலத்துக்கு முதுகில் அப்பினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அழகா கீது அத்தே” என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது சனி.

புது ஆமையைப் பார்த்தால் போதும், மூன்றும் கிளம்பிவிடும். எதிரில் வந்து நின்று முறைப்பதில்லை, முட்டுவதில்லை. நேராக முதுகில் ஏறிக் கடிக்கும். ஓடு கடிபடுகிற டக் டக் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். அது தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடக்கும். வம்பே அறியாத கறுப்புகூடச் சேர்ந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. மருமகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடுவாள். “மூணு பேரும் சேந்துகினு ஒண்ண அடிக்கிறாங்க அத்தே” என்பாள். ஆமைகளைத்தான் சொன்னாள். வீட்டில் நாங்களும் மூன்று பேர் என்பது எனக்கு உறைத்தது.

தறிப்பலகை ஒன்றை நிறுத்தித் தடுப்புப் போட்டோம். நான் கேலி செய்த தனிக்குடித்தனம் வந்தே விட்டது. பிறகு பழக்கும் படலம். மருமகள் போனில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடத்தை மாற்றி வைத்தால் பழையவற்றின் அதிகாரம் குறையும் என்றாள். துவைக்கிற கல்லையே ஆள் வைத்து நகர்த்தினோம். எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை வரட்டும் என்று ஒரே தொட்டியில் குளிப்பாட்டினோம். தொட்டிக்குள்ளேயே கடித்தன. என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

“தறில பழைய பாவு நூலு முடிஞ்சா புதுப் பாவ எப்டி சேக்கறாங்க? மொத்தமா வெச்சி முடிச்சா போட்றாங்க? பழைய இழைல ஒண்ணு, புது இழைல ஒண்ணு, சாம்பல் தொட்டு முறுக்கி முறுக்கி நாலாயிரம் இழையும் அப்டித்தான் பிணைக்கறாங்க. அந்த மாதிரி ஒண்ணு ஒண்ணா வுடு. ஜல்தி பண்ணாத.”

அவர் வாயிலிருந்து இவ்வளவு நல்ல யோசனை வந்து நான் பார்த்ததில்லை. முதலில் கறுப்பை மட்டும் அதனோடு விட்டோம். பத்து நிமிஷம், பிறகு இருபது நிமிஷம். கறுப்பு தனியாகவும் கடித்தது. பச்சையும் தனியாகக் கடித்தது. “எந்த இழையும் பிணையல” என்றார் அவர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஐந்து வருடம் செம்பருத்தி போட்டு வளர்த்த பிள்ளைகள் இப்படி என் மானத்தை வாங்கலாமா என்று நீலத்தைத் துடைப்பத்தால் தட்டினேன். அதற்கு ஓட்டில் தூசி போனதுதான் மிச்சம்.

புது ஆமை சாப்பாட்டைக் குறைத்தது. பூவைப் போட்டால் பார்க்கும், நகராது. மருமகளும் குறைத்தாள். சாப்பாட்டை அல்ல, பேச்சை. ஆனி முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

“ஆடிக்கு எங்கூட்ல இருந்து கூட்டிகினு போக வருவாங்க இல்லத்தே. அப்ப அதையும் எடுத்துகினு போறேன். அது மட்டும் அங்கயே இருந்துக்கட்டும்.”

ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் உள்ளது. மாதம் முடிந்ததும் வந்துவிடுவாள். ஆனால் தன்னிடம் இருந்த ஒன்றை இங்கே நம்பி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சபையில் நான் கொடுத்த ஒரே வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். “ஒன் இஷ்டம்மா” என்று எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு நான் வைத்த குழம்பில் உப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதுவே எவ்வளவு மோசமான நாள் என்பதற்குச் சாட்சி.

ஆடிக்கு முதல் நாள். ஆவணி முகூர்த்தத்துக்கான கூரைப்புடவைப் பட்டு வந்து குவிந்திருந்தது; காலையிலிருந்து சட்டி சட்டியாகச் சிவப்பு கொதித்தது. கையுறை போட்டும் மணிக்கட்டு வரை எனக்குச் சிவப்பு. மத்தியானம் வேலை ஓய்ந்ததும், ஊருக்குப் போகிறதே, குளிப்பாட்டியாவது அனுப்பலாம் என்று புது ஆமையைத் தடுப்பிலிருந்து தூக்கி வெளியே விட்டேன். மூன்றும் வழக்கம்போல் கிளம்பின. விரட்ட வேண்டுமே என்று, கை துடைத்துக்கொண்டிருந்த சாயத்துணியை அவற்றின் மேல் வீசினேன். துணி நடுவில் விழுந்தது.

நீலம் நின்றது. திரும்பியது. துணியின் ஒரு முனையைக் கவ்வியது. பச்சை இன்னொரு முனையைக் கவ்வியது. கறுப்பு நடுவில் புகுந்தது. மூன்றும் அந்த அழுக்குத் துணிக்காக இழுபறி நடத்தின. புது ஆமை பக்கத்திலேயே கிடந்தது, ஏன் என்று கேட்க ஆளில்லை. பாதித் துணியை அவை விழுங்குவதற்குள் பிடுங்கினேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஒரு ஈரக் கோணியைக் கிழித்து, புது ஆமையின் முதுகில் இருந்த சிவப்பை மூடினேன். மூன்றும் வந்தன. நீலம் மோந்தது. கறுப்பு மோந்தது. பச்சை, ‘நகரு’ என்கிற மாதிரி ஒரு முட்டு முட்டிவிட்டுக் கல்லடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். கோணியை எடுத்தேன். மூன்றும் எழுந்து வந்தன.

ஐந்து வருடமாகத் தினம் காலையில் செம்பருத்தி போட்டுச் சிவப்பென்றால் சாப்பாடு என்று பழக்கியவள் நான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்பருத்தியை அந்த ஜீவனின் முதுகில் வரைந்துவிட்டவளும் நான். இரண்டு மாதமாக அது நடமாடுகிற சாப்பாட்டுத் தட்டாக இருந்திருக்கிறது.

அழிக்கப் பார்த்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், அரப்பு போட்டுத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவியதும் முன்னைவிடப் பளபளவென்று ஜொலித்தது. நாங்கள் போட்ட கலர் எதிலும் போகாது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்குத்தான் அது எனக்குப் பெருமையாக இல்லை.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். “பேஜாராப் போச்சே. இத்த போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிகினு இருக்காத. மாமியாரே என் தப்புன்னு ஒத்துகினா நாளைக்கு மரியாத இருக்குமா? ஆடி முடிஞ்சி மெதுவா வேற கலரு போட்டுக்கலாம்.”

“ஆடிக்குப் போனா அது திரும்பி வராதுங்க” என்றேன்.

ஆறு மணி பஸ்ஸுக்கு அவள் வந்தாள். காப்பியைக்கூடக் கொடுக்காமல் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். கோணியைப் போட்டுக் காட்டினேன், எடுத்துக் காட்டினேன், செம்பருத்தியை ஆட்டிக் காட்டினேன். பிறகு சொன்னேன். “தப்பு எம்மேலதான். நான் வெச்ச பொட்டுதான். நீ தனியா வெக்கணும்னு சொன்னப்ப நாலு பேரு முன்னாடி ஒன்ன கிண்டல் பண்ணேன் பாரு, அதுவும் தப்பு.”

அவள் ஆமையைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தாள். மருதாணி போய், பாலிஷ் பாதி உதிர்ந்த கால்.

“அப்ப அன்னிக்கி… என் கால கடிச்சதும் அதாலதானா?”

“அதாலதாம்மா. பூவுன்னு நெனச்சிட்டுது.”

“நான் வேற நெனச்சிகினு இருந்தேன் அத்தே” என்றாள். கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்குள் வைத்த முதல் காலிலேயே இந்த வீடு தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக இரண்டு மாதம் மனசுக்குள் வைத்துக்கொண்டு, தினம் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறாள். நானும் ‘பழகிடும்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தபடியே, “ஏன் அத்தே, ஒரு ஆமைக்கா கூரைப்பொடவ கலரு?” என்றாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது தன்னால் ஆகாத விஷயம் என்று திரும்பிப் போனார்.

போகாத கலரை மறைக்க ஒரே வழி, அதன்மேல் இன்னொன்றைப் போட்டு அடக்குவதுதான். சிவப்பின் மேல் கரும்பச்சை போட்டால் காப்பிக்கொட்டைக் கலர் வரும். மருமகள் என்னை விரல் நீட்டி எச்சரித்தாள்: “இந்த ஒரு தடவைதான். ஓட்டுல இதெல்லாம் தடவவே கூடாது. இனிமே நாலுத்துக்கும் கெடையாது.” சரி சரி என்றேன். மருமகள் மாமியாரை அதட்டுவது கேட்க இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவளே துணியை முக்கித் தொட்டுத் தொட்டு வைத்தாள். பட்டு என்றால் கட்டிக்கொள்வது என்று மட்டும் தெரிந்து வந்தவளின் விரல்நுனியில் முதல் முறையாகச் சாயம் ஏறியது.

மறுநாள் காலை அவள் அம்மாவும் தம்பியும் சீர்த்தட்டோடு வந்தார்கள். தம்பி மறக்காமல் அந்தப் பிளாஸ்டிக் கூடையையும் கொண்டுவந்திருந்தான். அவள் புடவை மாற்றினாள், பையை எடுத்தாள், பின்கட்டுக்குப் போய் ஐந்து நிமிஷம் நின்றாள். நான் அடுப்படியிலேயே இருந்தேன். போய்க் கேட்க தைரியம் இல்லை.

“கூட எதுக்குடா? அது இங்கதான் இருக்கும். அத்தே பாத்துப்பாங்க” என்ற குரல் கேட்டது.

பாலைப் பொங்கவிட்டேன்.

ஆடி முழுக்கத் தினம் வீடியோவில் வருவாள். முதலில் ஆமையைக் காட்டச் சொல்வாள், அப்புறம்தான் என் மகனை. பாவு பிணைப்பது போல் ஒவ்வொன்றாக மறுபடி விட்டுப் பழக்கினேன். இந்த முறை பிணைந்தது. இருபதாம் நாள் வாக்கில் கல்லடியில் பச்சையோடு இதுவும் ஒட்டிக்கொண்டு படுத்திருந்ததைக் காட்டினேன். “இன்னொரு வாட்டி காட்டுங்க அத்தே” என்றாள். போனைக் குனிந்து காட்டிக் காட்டி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆவணி முதல் வாரம் திரும்பி வந்தாள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் வழக்கம்போல் வேடிக்கை பார்த்தார். மருமகள் வண்டியிலிருந்து இறங்கி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, காலை நீட்டிக் காட்டினாள். பத்து விரல் நகத்திலும் காப்பிக்கொட்டைக் கலர்.

எந்தக் காலை முதலில் உள்ளே வைத்தாள் என்று நான் பார்க்கவே இல்லை.